நாற்பத்து மூன்று ‘தெரியாது’

யோகேந்திரனுக்கு அந்தச் சாமானைக் கண்ட முதல் நாளே பிடிக்கவில்லை. புளியங்கொட்டை அளவு. காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது. அதுவும் இலவசம். இலவசமாக வந்த எதுவும் அந்த அகதி முகாமுக்குள் தனியாக வந்ததில்லை. கொசுவலை வந்தபோது கூடவே ஆள் கணக்கு வந்தது. சூரிய விளக்கு வந்தபோது ஒவ்வொரு வீட்டு வரிசைக்கும் ஒரு காமிரா வந்தது. இப்போது படிப்பு வருகிறதாம்.

தண்ணீர்த் தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவள் பெயர் பொற்கொடி. முப்பது வயதிருக்கும். தோளில் துணிப்பை, காலில் தேய்ந்த செருப்பு. தேய்ந்த செருப்போடு வருகிறவர்களை இன்னும் கூடக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது யோகேந்திரனின் கட்சி.

“உங்க பிள்ளைங்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புறாங்க?” என்றாள் பொற்கொடி. “பர்த் சர்டிபிகேட் இல்ல, டி.சி. இல்ல, எந்த நாடுன்னு எழுத இடமில்ல. இனிமே அதெல்லாம் வேணாம். இது ஆறு மாசம் பிள்ளை காதுல இருக்கும். பேசும், சொல்லிக் குடுக்கும், கேள்வி கேக்கும். பிள்ளைக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும்னு பக்கத்துல இருந்தே தெரிஞ்சுக்கும். ஆறாம் மாசம் ஒரு சான்று குடுக்கும். அதை எந்தப் பள்ளிக்கூடமும் எந்தக் காலேஜும் மறுக்கக் கூடாதுன்னு சட்டமே வந்திருச்சு. தலைக்குள்ள இருக்கறதுதான் இனிமே பேப்பர்.”

“அப்ப தலைக்குள்ள இருக்கிறதை எடுக்கப் போறியள். நேராச் சொல்லுங்கோ மேடம்,” என்றான் யோகேந்திரன்.

கூட்டம் சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

அவனுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. முகாம் பதிவேட்டில் அவன் வீட்டுக்கு நான்கு பேர்: அவன், மனைவி மங்களம், மகன் நிறோசன், மகள் மிதுஷா. நிறோசன் இரண்டு வருஷத்துக்கு முன்பு படகேறிவிட்டான். எந்த நாட்டுக்கு என்று படகுக்காரனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. ஏறினான் என்பதோடு சரி, பிறகு ஒரு சத்தமும் இல்லை.

வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கு முகாமில் சனிக்கிழமை காலையில் போனில் செக்கிங் நடக்கும். மெஷின்தான் கூப்பிடும். பெயர், அட்டை நம்பர், எங்கே வேலை. குரலைப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளும். அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே குரல். போன் எடுத்தால் மங்களத்துக்கே யார் என்று பிடிபடாது. அதனால் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் யோகேந்திரன் நிறோசனாக இருந்தான். “நிறோசன். சேலத்தில பெயின்ட் வேலை,” என்று சொல்லிவிட்டு வைப்பான். பத்தாம் வரிசையில் ஒருத்தன் மகன் படகில் போனது தெரிந்ததும் அப்பனுக்கு எட்டு மாதம் வாசலைத் தாண்டத் தடை போட்டார்கள். வெளியே போகாமல் யோகேந்திரன் எந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது?

இந்த லட்சணத்தில் மகள் காதுக்குள் ஒரு மெஷின்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வேண்டாம் என்கிற வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று நினைப்பார்கள். மிதுஷா வேறு ஒற்றைக்காலில் நின்றாள். பதினான்கு வயது. பத்துக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு கதவு, இரண்டு கோட்டிங் என்று அப்பன் சொல்லி வாய் மூடுமுன் எத்தனை லிட்டர் வாங்க வேண்டும் என்பாள். அவள் சொன்ன அளவில் வாங்கினால் வாளியில் ஒரு குவளை மிச்சம் இருந்ததில்லை. பன்னிரண்டாவது முடித்து ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிற படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. டவுன் பள்ளிக்கூடத்தில் இரண்டு தரம் கேட்டு இரண்டு தரமும் பேப்பர் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

“போட்டுக்கொள்,” என்றான் யோகேந்திரன். “ஆனா நான் சொல்லுறதைக் கேள். அது என்னத்தைக் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. விளங்குதோ?”

“படிப்பைக் கேட்டாலுமோ?”

“எதைக் கேட்டாலும். நீ எல்லாத்தையும் கேட்டுப் படி. வாயைத் திறவாதை.”

முகாமில் அது புதுப் பாடமில்லை. விசாரணைக்கு எந்த அதிகாரி வந்தாலும் தெரியாது ஐயா. பக்கத்து வீட்டுக்காரன் எங்கே, தெரியாது ஐயா. அங்கே பிறந்த பிள்ளை அம்மா என்பதற்கு அடுத்தபடியாகப் பழகிய சொல் அது. அந்தச் சொல்லால் தப்பித்தவர்கள் ஏராளம்.

யோகேந்திரன் அதோடு நிற்கவில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் தெரியாது என்றால் சந்தேகம் வராதா? வீடு வீடாகப் போனான். “உன்ர வீட்டிலயும் ஏதோ இருக்கும். என்னெண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். பிள்ளையிட்ட மட்டும் சொல்லி வை,” என்றான். எல்லா வீட்டிலும் ஏதோ இருந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகளும் காதுவாத்தியைப் போட்டுக்கொண்டார்கள். காதுவாத்தி என்று பெயர் வைத்ததும் பிள்ளைகள்தான்.

முதல் வாரம் மிதுஷா அதைக் கழற்றி அப்பன் காதில் வைத்துக் காட்டினாள்.

“வணக்கம் அப்பா, சுகமா இருக்கிறியளோ?” என்றது அது.

தேள் கொட்டியவன் மாதிரி பிடுங்கிப் போட்டான். “இதுக்கு எங்கட கதை ஆர் சொல்லிக் குடுத்தது? டவுன்காரன் நாற்பது வருஷம் பழகினாலும் இப்பிடிக் கதைக்க மாட்டான்!”

“நாங்கள் கதைக்கிறதைக் கேட்டுப் பழகுதாம் அப்பா.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

அன்றிலிருந்து சனிக்கிழமை காலையில் அதைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்து மூடி போட்டு, மூடிமேல் ஒரு கல்லும் வைத்தான். மங்களம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கல்லு ஏனப்பா? எழும்பி ஓடிப்போகுமோ?”

“உன்ர வேலையைப் பார்.”

ஆறு மாதம் போனது. சான்று வந்தது.

மிதுஷாவுக்கு மூன்றாம் நிலை. அதாவது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உள்ள அறிவு. முகாமிலேயே ஆக உயர்ந்த நிலை நான்கு. அதையும் வாங்கியது, அப்பன் சொல்லைக் கேட்காத ஒரு வாயாடிப் பையன். அந்தச் சான்று மூன்று வருஷத்துக்குச் செல்லும், இடையில் மாற்ற முடியாது. டவுன் பள்ளிக்கூடத்தில் இந்தமுறை கதவைச் சாத்தவில்லை. வாங்க என்று கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புக்கான மாலை நேரப் பயிற்சியில் பெயர் எழுதச் சொன்னார்கள். பேப்பர் இல்லாதபோது அவள் படிக்க வழியில்லாத பிள்ளை. இப்போது படிப்பு ஏறாத பிள்ளை என்று பேப்பரே சொல்லிவிட்டது.

மிதுஷா அழவில்லை. சான்றை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அப்பன் அடுத்த நாள் கொண்டுபோக வேண்டிய தூரிகைகளைக் கழுவினாள்.

“கணக்காவது சொல்லியிருக்கலாமே, பிள்ளை,” என்றான் அவன்.

“நீங்கள்தானே வாயைத் திறவாதை எண்டீங்கள்.” அவள் தலை நிமிரவில்லை. “முதல் நாள் ஒண்டு சொன்னனான். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை லிட்டர் எண்டு. உடனே கேட்டுது, எந்த வீட்டு அறை? ஆர் அடிச்சது? தனியவோ, ஆரும் கூட வந்தவையோ எண்டு. ஒண்டுக்குப் பதில் சொன்னால் அடுத்தது வீட்டுக்குள்ள வருது அப்பா. அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கேல்லை.”

மறுநாள் பொற்கொடி வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

“மத்த முகாம்ல எல்லாம் எட்டு, ஒன்பது, பத்துன்னு வந்திருக்குண்ணே. இங்க மட்டும் ஒரு பிள்ளை தப்பாம ‘தெரியாது’. அது பரீட்சை வைக்கிற மெஷின் இல்ல. வீட்டுல எத்தனை பேர்னு ஆரம்பிக்கும். ஆளுக்கு எவ்வளவு தண்ணின்னு கேக்கும். அப்படியே பின்னம், சதவீதம்னு மேல ஏத்திக்கிட்டுப் போகும். இங்க யாரும் முதல் படியே ஏறல. யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?”

முப்பது வருஷமாக யோகேந்திரன் எந்த அதிகாரியிடமும் ஓம், தெரியும் என்று சொன்னதில்லை. மிதுஷா கழுவி வைத்த தூரிகைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“நான்தான்,” என்றான்.

பொற்கொடி உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தான். திட்டவில்லை.

“ஒரே ஒரு வழி இருக்கு,” என்றாள். “வீட்டுச் சாட்சின்னு பேரு. வீட்டுப் பெரியவங்க வந்து அதே கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லணும். பிள்ளை தெரியாம சொல்லல, மறைச்சுதான் சொல்லுச்சுன்னு மெஷினுக்கு விளங்கினா, அது பிள்ளையை மறுபடி கேக்கும். ஆனா உண்மையா இருக்கணும்ணே. ஆறு மாசம் அது உங்க வீட்டுக்குள்ள இருந்திருக்கு.”

“அதைத்தானே நான் முதல் நாளே சொன்னனான்,” என்றான் யோகேந்திரன்.

வாசிகசாலையாக இருந்த அறையில்தான் சாட்சி. ஒரு மேசை, மேசைமேல் சின்ன ஒலிபெருக்கி, அதற்குப் பக்கத்தில் மிதுஷாவின் காதுவாத்தி. யோகேந்திரன், மங்களம், மிதுஷா மூவரும் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். பொற்கொடி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

“வணக்கம் அப்பா,” என்றது அது.

“வணக்கம் இருக்கட்டும். முதல்ல நான் கேக்கிறதுக்குச் சொல்லு. நீ ஆருக்கு வேலை செய்யிறாய்?”

“பிள்ளைக்கு.”

“வாற எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வருவினம். சனிக்கிழமையில நான் போனில கதைச்சது உனக்குக் கேட்டதோ?”

“கேட்டது.”

“அரிசி வாளிக்குள்ள இருந்துமோ?”

“அரிசி வாளிக்குள்ள இருந்தாலும் கேக்கும் அப்பா.”

மங்களம் அவனைத் திரும்பிப் பார்த்தாள். வேறு நேரமாயிருந்தால் கல்லைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பாள்.

“ஆருக்குச் சொன்னனீ?”

“ஒருதரும் என்னட்டக் கேக்கேல்லை.”

“கேட்டால்?”

இதுவரை உடனுக்குடன் பதில் சொன்னது, இப்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. “கேக்கிற நேரம் சட்டம் என்ன சொல்லுதோ, அப்பிடித்தான் செய்வன்.”

“அப்ப என்ர சந்தேகம் சரி.”

“சரிதான்,” என்றது அது.

இப்படி ஒரு பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. பயப்படாதீங்க, உங்களுக்கு நல்லதுக்குத்தான், மேலிடத்தில் பேசியாச்சு என்றெல்லாம் ஏதாவது அளக்கும், எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தான். பொய் சொல்கிறவனிடமிருந்து எழுந்து போவது அவனுக்குக் கைவந்த கலை. இது எழுந்து போக வழி விடவில்லை.

“கேக்கவோ அப்பா?”

“கேள்.”

“வீட்டில எத்தனை பேர் இருக்கிறியள்?”

யோகேந்திரன் மகளைப் பார்த்தான். அவள் விரல் நகங்களுக்குள் தூரிகை கழுவிய நீலப் பெயின்ட் இன்னும் இருந்தது.

“மூண்டு பேர்.”

“அம்மா, நீங்களும் சொல்ல வேணும்.”

மங்களம் சேலைத் தலைப்பைக் கைக்குள் திணித்துப் பிடித்திருந்தாள்.

“நாலு பேர்,” என்றாள்.

“மங்களம்...”

“நாலு பேர் எண்டு சொன்னனான். நீங்கள் பெத்தனீங்களோ? வயித்தில சுமந்தனீங்களோ? ரெண்டு வருஷமா அவன்ர குரலில கதைச்சுப் போட்டு, இண்டைக்கு ஒரு நொடியில இல்லை எண்டுறியள். செத்த வீடு செய்யாமல் கணக்கிலயிருந்து எடுக்கிறியளோ?”

இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் செத்த என்ற சொல்லை யாரும் சொன்னதில்லை. அவளே சொல்லிவிட்டுத் திகைத்துப்போய்ச் சுவரைப் பார்த்தாள்.

“ரெண்டு பதிலும் ஒண்டாயில்லை,” என்றது மெஷின். மெதுவாகத்தான் சொன்னது. “ஒண்டாயில்லாட்டில் சாட்சி நிக்காது.”

யோகேந்திரன் கதவைத் திரும்பிப் பார்த்தான். மகனையும் காட்டிக்கொடுத்தாயிற்று, மகளுக்கும் கிடைக்கவில்லை. இதுதானா இவங்கள் போட்ட பொறி? கதவுக்கு வெளியே யார் யார் நிற்கிறார்களோ?

அப்போது மிதுஷா வாய் திறந்தாள்.

“இருக்கிறது மூண்டு பேர். சோறு நாலு பேருக்கு.”

“சொல்லு பிள்ளை,” என்றது அது.

“அம்மா ஆளுக்கு நூற்றைம்பது கிராம் கணக்கில நாலு பேருக்கு உலை வைப்பா. அண்ணான்ர பங்கை எடுத்து மூடி வைப்பா. காலமை அதுக்குத் தண்ணி ஊத்தித் தானே தின்னுவா, எங்களுக்குத் தரமாட்டா. நாலில ஒண்டு அண்ணா. இருபத்தைஞ்சு வீதம். எழுநூற்று முப்பது நாள். நூற்றொன்பதரைக் கிலோ அரிசி.” அவள் மூச்சு விட்டாள். “ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை. அப்பா ஆளை எண்ணுறார். அம்மா பங்கை எண்ணுறா. நீங்கள் எதைக் கேட்டனீங்கள் எண்டு முதல்ல நீங்கள் சொல்லுங்கோ.”

வாத்தியாரைக் கேள்வி கேட்கிற பிள்ளை.

“நான் கேட்டதுதான் பிழை,” என்றது அது. “ஒருதர் வெளியில போய், எப்ப வருவார் எண்டு தெரியாத வீட்டுக்குத் தண்ணி எவ்வளவு வேணும் எண்டு நீ எப்பிடிக் கணக்குப் பாப்பாய்?”

“வருவார் எண்டுறதுக்கு எவ்வளவு வாய்ப்பு எண்டு முதல்ல எடுக்க வேணும்...”

மங்களம் எழுந்து வெளியே போனாள். யோகேந்திரனும் பின்னால் போனான். உள்ளே கேள்வியும் பதிலுமாக மூன்று மணி நேரம் ஓடியது. வெளியே வாசிகசாலைப் படியில் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பதினொரு நாள் பேசவில்லை.

மிதுஷாவுக்குப் பதினொன்றாம் நிலை என்று புதுச் சான்று வந்தது. டவுன் பள்ளிக்கூடத்தில் நேரே பதினொன்றாம் வகுப்பு. அறிவியல் பிரிவு. சீருடைக்கு அளவெடுக்கப் போனவள் தையல்காரரிடம் துணியின் அளவு கூடுதல் என்று சண்டை பிடித்துவிட்டு வந்தாள்.

இருபதாம் நாள் பதிவேட்டில் நிறோசன் பெயர் சிவப்பாகியிருந்தது; ஆள் முகாமை விட்டு ஓடிவிட்டான் என்று அர்த்தம். யோகேந்திரன் வாசலைத் தாண்ட ஆறு மாதம் தடை. யார் சொன்னது? மெஷின் சொல்லியிருக்கலாம். பொற்கொடி சொல்லியிருக்கலாம். வாசிகசாலைச் சுவர் தகரம், அந்தப் பக்கம் நின்ற எவனும் சொல்லியிருக்கலாம். பொற்கொடியிடமே கேட்டான்.

“நான் சொல்லலண்ணே,” என்றாள். “அது சொல்லுச்சான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவன் அவள் கண்ணைப் பார்த்தான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் அவனை அதைவிட வாட்டியது வேறு. தண்ணிக் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவன் குடம் நிரப்பிக்கொண்டு திரும்பிய பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது. அவனுக்கு விளங்காமலில்லை. நாற்பத்து மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் நிலை ஏறியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் வாய் மூட வைத்தவனின் பிள்ளை. மூடிய அறைக்குள் மூன்று மணி நேரம். என்ன கொடுத்தான்? யாரைக் காட்டிக்கொடுத்தான்? அவர்கள் இடத்தில் இருந்தால் அவனும் அதைத்தான் கேட்டிருப்பான். தான் சும்மா தடையில் கிடக்கிறதைச் சொல்லிப் பார்த்தான். அதுவும் நாடகம் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆறாம் வரிசை ஜெயராணி வந்தாள். கையில் மகனின் சான்று, இரண்டாம் நிலை. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“அண்ணை, சாட்சி சொல்லப் போறன். மேடத்தையும் வரச் சொல்லிப்போட்டன். பயமாக்கிடக்கு. உங்களிட்ட ஒருக்காச் சொல்லிப் பாத்துப்போட்டுப் போனால் நல்லம் எண்டு...” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எங்கட வீட்டில, பதிவில இல்லாத ஒரு...”

“நிப்பாட்டு!”

அவள் பதறிப்போனாள்.

“எனக்குச் சொல்லாதை ஜெயராணி. நாளைக்கு ஆரும் வந்து என்ர பிள்ளையின்ர படிப்பை வெட்டுவன் எண்டு வெருட்டினால் நான் என்ன செய்வன் எண்டு எனக்கே தெரியாது. நான் மனுசன். அந்த மெஷின், ஆரும் கேட்டால் சொல்லுவன் எண்டு முகத்துக்கு நேர சொல்லுது. அதை அறிஞ்சுகொண்டு போய்ச் சொல்லு. பொடியனையும் கூட்டிக்கொண்டு வா.”

“என்ன ஆகும் அண்ணை?”

“என்னைப் பாத்தாயெல்லே? அதுதான் ஆகும். பொடியன் படிப்பான்.”

அவள் சான்றை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு போய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யோகேந்திரன் அவர்களுக்கு முன்னால் நடந்தான். வரிசைக்கு வரிசை கதவுகள் திறந்தன, ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பொற்கொடி மேசையை ஆயத்தம் செய்துவிட்டுப் போயிருந்தாள். வாசிகசாலைக் கதவில் ஜெயராணியையும் பையனையும் உள்ளே விட்டுச் சாத்தினான்.

பிறகு அந்தத் தகரச் சுவரை ஒருதரம் சுற்றி வந்தான். பின்பக்கம் பீடி பற்ற வைப்பதுபோல் நின்ற இருவரைத் தூரப் போகச் சொன்னான். போய்விட்டார்களா என்று நின்று பார்த்தான். பார்த்தபின் தானும் நடந்தான். முகாமில் முப்பது வருஷம் கிடந்தவனுக்கு எவ்வளவு தூரத்தில் பேச்சுக் கேட்காது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கும் இருபது அடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.